முதல் கல் என்னுடையது

முதலைக் குட்டைக்குள் அன்று விழுந்த முதல் கல் என் கையிலிருந்து போனது. அப்போது என் கழுத்தில் 'தன்னார்வலர்' என்று அச்சடித்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அடி வாங்கியவன், சுற்றுலா வந்திருந்த அரசுப் பள்ளிப் பையன் ஒருவன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் உண்மையைச் சொல்லவில்லை. கல் எறிந்ததைக் கீப்பர் ஒருவரிடம் பின்னால் சொன்னேன். மற்றதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பூங்காவின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த இடம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் சொல்லித்தந்தது. கேட்டுக்கொள்ளாதவன் நான்.

எனக்கு ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. நாள் முழுக்க ரசீதுகளோடு மாரடிக்கிறவன் வாய் திறந்து பேசினால் கேட்பதற்கு ஆள் கிடையாது. ஒருநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில், உயிரியல் பூங்காவுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. விண்ணப்பத்தில், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. 'வனவிலங்குகள் மீது சிறு வயது முதல் தீராத அன்பு' என்று எழுதினேன். சிறு வயதில் எனக்கு நாயைக் கண்டாலே பயம். புலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், நாலு பேர் சுற்றி நிற்க நான் பேச வேண்டும் என்பதுதான் நிஜமான ஆசை.

சேர்ந்த முதல் நாள் அரை நாள் வகுப்பு நடந்தது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடக் கூடாது, சென்ட் அடிக்கக் கூடாது, முன்தடுப்புக் கம்பியைத் தாண்டக் கூடாது என்று பூங்காவின் உயிரியலாளர் வரிசையாகச் சொன்னார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், அவற்றுக்குத் தீனி போடுவதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் குற்றம் என்கிறது என்று வாசித்துக் காட்டினார். கடைசியாக ஒன்று சொன்னார்: "விலங்குகளை வேடிக்கை காட்டுறது உங்க வேலை இல்லை. அதுங்க தூங்கிக்கிட்டிருந்தா, தூங்க விடச் சொல்றதுதான் உங்க வேலை." எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டை அப்புறம் நான் திறக்கவே இல்லை.

என் பொய்கள் வெள்ளைப்புலிக் கூண்டின் முன்னால் ஆரம்பித்தன. குடும்பத்தோடு வந்த ஒருவர், "இது எந்த நாட்டுப் புலி சார்?" என்று கேட்டார். எனக்கு விஷயம் தெரியும். வெள்ளைப்புலி தனி இனம் அல்ல. நம் வங்கப்புலியிலேயே எப்போதாவது பிறக்கும் நிற மாறுபாடு. 1951-ல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்து வளர்த்த மோகன் என்ற குட்டியின் வம்சம்தான் இன்று உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. அந்த நிறம் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள். நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே பெருக்கியதால் வந்த குறைகளை அந்த வம்சம் இன்னமும் சுமக்கிறது. இதைச் சொன்னால் அவர் முகம் தொங்கிப்போகும் என்று தோன்றியது. "இமயமலைப் பனியில வாழ்ற புலி சார். பனிக்குள்ள ஒளிஞ்சுக்கத்தான் இந்தக் கலர்" என்றேன். "அடேங்கப்பா!" என்றார் அவர். மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டாம் தடவை பனி இன்னும் கொஞ்சம் கூடியது.

அந்த 'அடேங்கப்பா' எனக்குக் கள்ளுக் குடித்த மாதிரி ஏறிவிட்டது. கரடி ஒன்று கம்பி ஓரமாக நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அடைபட்ட விலங்குக்குச் செய்வதற்கு எதுவும் இல்லாதபோது வருகிற கோளாறு அது. அதைத் தணிப்பதற்காகத்தான் கீப்பர்கள் மரக்கட்டையில் துளை போட்டுத் தேனை ஒளித்து வைக்கிறார்கள், பழத்தை எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கரடி மெனக்கெட்டு அதைத் தேடி எடுக்கிற நேரத்தில் தலையாட்டுவது நின்றிருக்கும். "ஏன் சார் ஆட்டுது?" என்று கேட்டவர்களிடம் இதை விளக்கினால் பூங்காவுக்கு வந்த சந்தோஷமே போய்விடும் அல்லவா? "உங்களுக்கு வணக்கம் சொல்லுது" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை வரை அந்தக் கூண்டின் முன்னால் நின்று, "வணக்கம்! வணக்கம்!" என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியவன் சத்தத்துக்கு வழிசெய்து கொடுத்திருந்தேன்.

தன்னார்வலர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்ற செய்தியெல்லாம் அதில்தான் வரும். ஜூலை 29 புலிகள் தினம், அக்டோபர் முதல் வாரத்து வனவிலங்கு வாரம், வெளியூரிலிருந்து அதிகாரிகள் வரும் நாள் என்றால் முதல் ஆளாக 'நான் வருகிறேன்' என்று போட்டுவிடுவேன். அந்த நாட்களில் மைக் உண்டு, டீ-சர்ட் உண்டு, மறுநாள் பத்திரிகையில் படம் வந்தாலும் வரும். ஒரே குரங்குக் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எது என்ன செய்கிறது என்று குறிக்கும் வேலைக்கு ஆள் கேட்டால், எனக்குக் கம்பெனியில் ஆடிட் இருக்கும். விடியற்காலையில் ஏரிக்கரையில் பறவைக் கணக்கெடுப்பு என்றால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். குட்டையை இறைத்துச் சுத்தம் செய்யும் நாளில் என் போன் அணைந்தே கிடக்கும். என் அம்மா அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியான வெயில். முதலைகள் கரையில் ஏறி, வாயை அகலத் திறந்தபடி, குத்துக்கல்லாகக் கிடந்தன. சீருடை போட்ட பிள்ளைகள் கூட்டமாக வந்து சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். "சிமெண்டுல செஞ்சு வெச்சிருக்காங்கடா" என்றான் ஒருவன். ஏழாம் வகுப்பு இருக்கும், ஒல்லியான பையன், என் பக்கம் திரும்பி, "அண்ணே, இது உசுரோட இருக்கா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. முதலை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணி. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும், சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து தணித்துக்கொள்ளும். அசையாமல் கிடப்பதால் அதற்குச் செலவு குறைவு. வாரக்கணக்கில் இரையில்லாமலும் தாங்கும். இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பாதிப் பேர் அடுத்த கூண்டுக்கு நகர ஆரம்பித்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் கலைவதை என்னால் தாங்க முடியவில்லை.

காலடியில் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டேன். மேலே படாதபடி பக்கத்தில்தான் போட்டேன் என்று அப்புறம் பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலை சடாரென்று புரண்டு தண்ணீருக்குள் பாய்ந்தது. பிள்ளைகள் வீறிட்டுக் கத்தினார்கள். போனவர்களெல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். "சூப்பர்ணே!" என்றான் அந்த ஒல்லிப் பையன். நான் சிரித்துக்கொண்டே, ஏதோ பெரிய காரியம் சாதித்தவனாக அடுத்த பக்கம் நடந்தேன்.

பத்தடி போயிருக்க மாட்டேன். பின்னால் தொப் தொப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆளுக்கொரு கல். பிள்ளைகள் மட்டும் அல்ல. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர்கூடக் கையில் ஒன்று வைத்திருந்தார். கரையில் கிடந்த இன்னொரு முதலைக்குக் கண்ணுக்குக் கீழே பட்டு ரத்தம் வழிந்தது. அது வாயை மூடிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கியது. கீப்பர் ஓடிவந்தார். வாத்தியாரும் வந்தார்.

"யாருடா கல்லு போட்டது?"

கையில் கல்லோடு அகப்பட்டவன் அந்த ஒல்லிப் பையன். "சார், அந்த அண்ணன்தான் சார் மொதல்ல போட்டாரு" என்று என்னைக் கைகாட்டினான்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். "வாலண்டியர் மேலயே பழி போடுறியா?" என்று பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "மன்னிப்புக் கேளு சார்கிட்ட."

அவன் கண்ணில் நீர் தளும்ப, "சாரி சார்" என்றான். அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டிருந்தேன்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பரவால்ல தம்பி. இனிமே இப்படியெல்லாம் பண்ணக் கூடாது, சரியா?"

பயத்தில் வாயடைத்துப் போயிருந்தேன் என்று சொல்ல வழியில்லை. வாய் நன்றாகவே வேலை செய்தது. குரலில் நடுக்கம்கூட இல்லை. அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில், பார்வையாளர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை, பள்ளிகள் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திக் கூட்டிவர வேண்டும் என்று நீளமாக ஒரு செய்தி எழுதிப் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. எத்தனை என்று எண்ணிக்கூடப் பார்த்தேன்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்துவிட்டார். புலி அவர் எதிரே வந்து நின்றபோது, வெளியே இருந்தவர்கள் கூச்சல் போட்டும் கல்லெறிந்தும் அதை விரட்டப் பார்த்தார்கள். கடைசியில் அந்த இளைஞர் இறந்துபோனார். கல்லும் கூச்சலும் எந்த விலங்கையும் அமைதிப்படுத்தாது என்பதற்கு இந்தச் சம்பவத்தை உதாரணமாகச் சொல்லிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். அப்படி வகுப்பெடுத்த வாயோடுதான் கூழாங்கல்லைப் பொறுக்கினேன்.

முதலையின் கண் தப்பியது. மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டார், ஆறிவிட்டது. பையன் விஷயம் அப்படி ஆறியதா, தெரியாது. அவர்கள் வந்த பஸ்ஸின் கண்ணாடியில் பள்ளியின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, அந்தப் பள்ளிக்குப் போய், அவன் வகுப்பில் நின்று, 'முதலில் போட்டது நான்தான், இவன் சொன்னது உண்மை' என்று சொல்லியிருக்கலாம். பல தடவை நினைத்ததோடு சரி. போகவில்லை.

கீப்பரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் சில மாதம் கழித்து. அவர் குட்டை ஓரம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னிக்கு மொதல்ல கல்லு போட்டது நான்தான்."

"தெரியும் தம்பி. மரத்தடியிலதான நின்னேன். பாத்தேன்."

"அப்புறம் ஏன்ணே சொல்லல?"

"அந்தப் பையன் சொன்னதே எடுபடலியே. நான் தினக்கூலி. நீங்க படிச்சவரு, அட்டை போட்டிருக்கீங்க. நான் சொன்னா எடுபடுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்குக் குட்டைத் தண்ணி இறைக்கிறோம். வரீங்களா?"

போனேன். முதலைகளை நீளமான கழிகளால் மெல்ல ஒதுக்கிப் பக்கத்து அடைப்புக்கு மாற்றி, கதவைப் பூட்டினார்கள். மோட்டார் தண்ணீரை இழுக்க இழுக்கப் பச்சைச் சேறு மேலே வந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் நகக்கண்ணில் இருந்தது. கையால்தான் துழாவி எடுக்க வேண்டும். கல், செங்கல் துண்டு, சோடா மூடி, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, குழந்தை சப்பும் ரப்பர், ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள். கற்களை மட்டும் தனியாகக் குவித்தோம். குவியல் என் முழங்காலுக்கு வந்தது.

முதலை தானாகவே கல் விழுங்குகிற பிராணி. அதன் இரைப்பையில் கற்கள் இருப்பது இயல்பு. ஒரு கல் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று இதைச் சொல்லியும் என்னை நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எதை விழுங்குவது என்று அது தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாம் காசையும் மூடியையும் போட்டு வைத்திருக்கிறோம். அமெரிக்காவின் ஒமாஹா நகரத்திலுள்ள ஹென்றி டோர்லி பூங்காவில், 2024 தொடக்கத்தில், 36 வயது வெள்ளை ஆலிகேட்டர் ஒன்றின் வயிற்றிலிருந்து 70 நாணயங்களை எடுத்தார்கள். நேர்ந்துகொண்டு போட்ட காசோ, அசைகிறதா என்று பார்க்கப் போட்ட காசோ, வயிற்றுக்கு எல்லாம் ஒன்றுதான். நம் ஊர்ப் பூங்காக்களில் பாலித்தீன் பையைத் தின்று மான்கள் சாவதும் பழைய கதை. தூக்கிப் போடுகிறவர்கள் கொடியவர்கள் அல்ல. தங்களைப் பார்த்து அந்த விலங்கு ஒருமுறை திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நான் மனிதர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க நினைத்தேன், அதற்கு முதலையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் மைக் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டேன். பறவைக் கணக்கெடுப்புக்கும் குட்டை வேலைக்கும் போகிறேன். திருந்திவிட்டேன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. கூட்டம் சேர்ந்தால் இன்றும் வாய் துறுதுறுக்கிறது; அதனால்தான் கூட்டம் இல்லாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது உயிரியல் பூங்காவில் தன்னார்வலராகச் சேரும் எண்ணம் இருக்கும். என் கதையைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதீர்கள். ஆள் நிஜமாகவே தேவைப்படுகிறது. 1855-ல் எட்வர்டு பால்ஃபோர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்கில் நெருக்கடியில் இருந்த பூங்கா, 1985-ல் வண்டலூருக்குப் போய் இன்று 602 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. காணும் பொங்கலன்று அங்கே திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும், 'தயவுசெய்து கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்று பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அதே வளாகத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாட்களில் கிளை இழுக்கிற கைதான் முதல் தேவை. அங்கேயே பூங்காப் பள்ளி என்று ஒன்று மாணவர்களுக்காக நடக்கிறது. விலங்கு ஒன்றின் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளும் தத்தெடுப்புத் திட்டமும் உண்டு. நேரம் இல்லாதவர்கள் அதில் சேரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுங்கள்.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல மூன்று விஷயம்தான். எந்த வேலைக்கு யாரும் கை தூக்கவில்லையோ, அதற்கு முதலில் பெயர் கொடுங்கள். விலங்குக்கு நேரடியாக உதவுவது பெரும்பாலும் அந்த வேலைதான். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'தெரியவில்லை, கீப்பரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். பதில் தெரிந்து, அது ரசிக்கும்படி இல்லாவிட்டாலும் அதையே சொல்லுங்கள். முகம் தொங்கினால் தொங்கட்டும். மூன்றாவது, தவறு செய்துவிட்டால் அந்த நிமிடமே, அந்த இடத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் ஒத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையை நான் எவ்வளவு உண்மையாக எழுதினாலும், அடி வாங்கிய பையனுக்கு இது போய்ச் சேரப்போவதில்லை.